தியோலிந்தா போட்ட வில்லங்கம்

தியோலிந்தா மெதைரோஸுக்கு ஊரில் வைத்திருந்த பெயர் துடைப்பம். எங்கள் போர்த்துக்கீசிய மொழியில் வசோரா. அதற்காக அவள் கோபித்துக்கொண்டு யாரும் பார்த்ததில்லை. கோபித்துக்கொண்டால் இதைவிட மோசமாக ஒன்று வைப்பார்கள் என்பது போர்ச்சுகலின் சான் மிகேல் தீவில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்துக் கேம்பிரிட்ஜில் தீவுக்காரர்கள் குடியேறி இரண்டு தலைமுறைக்கு மேல் ஆகிறது. வரும்போது கோட்டும் ஜெபமாலையும் எடுத்து வந்த மாதிரியே பட்டப்பெயர்களையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். இங்கே ஒருவனை ஞானஸ்நானப் பெயர் சொல்லித் தேடிப் போனால், அவன் பெண்டாட்டியே வாசலுக்கு வந்து, "அப்படி யாரும் இங்க இல்லியே" என்பாள்.

துடைப்பம் என்ற பெயர் சும்மா வரவில்லை. பத்தொன்பது வயதில் வந்து இறங்கியவள், புதிதாகக் கட்டி முடித்த வீடுகளைக் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போனாள். பதினோரு வருஷம் அதே வேலை. கூட்டும்போது அவளுக்கு ஒன்று பிடிபட்டது. தரையில் தூசி எங்கே தங்குகிறதோ, அங்கே டைல்ஸ் ஒட்டியவன் மட்டம் தவறியிருக்கிறான். ரசமட்டம் வைத்துப் பார்த்தவர்கள் சரி என்று போன தரையில் துடைப்பம் தப்பு கண்டுபிடித்தது. அதை அவள் வாய்விட்டுச் சொன்னதுதான் வினையாகிவிட்டது. ஒரு நாள் மேஸ்திரிக்கு உதவியாள் வரவில்லை. "பெரிய மேதாவியாச்சே, வா, கலவையைக் கலக்கு" என்றான் அவன் கேலியாக. கலக்கினாள். அடுத்த மாதம் ஒரு குளியலறைத் தரையை அவளே ஒட்டினாள். முப்பத்தெட்டு வயதில் அவளுக்கென்று ஒரு வேனும், கல் வெட்டும் மெஷினும், மூன்று பெண்கள் கொண்ட ஒரு குழுவும் இருந்தன. வேனின் பக்கவாட்டில் பெயர் எழுதவில்லை. எழுதினால் யாருக்கும் யார் என்று தெரியாது என்பாள்.

குழுவில் மூத்தவள் சுல்மீரா. அவள் மகளுக்கு தியோலிந்தா ஞானத்தாய், ஆகவே இருவரும் ஒருவரை ஒருவர் கொமாத்ரே என்று அழைத்துக்கொள்வார்கள். அந்த வார்த்தையைச் சொல்லித்தான் அன்பு காட்டுவார்கள், அந்த வார்த்தையைச் சொல்லித்தான் திட்டிக்கொள்வார்கள்.

பர்தால் அந்தக் குழுவைக் கூப்பிட்டபோது தியோலிந்தாவுக்கு ஐம்பத்தேழு வயது. பர்தால் என்றால் சிட்டுக்குருவி. ஆளைப் பார்த்தால் குருவி என்று சொல்ல வராது, நூற்றிருபது கிலோ இருப்பான். ஒல்லியாக இருந்த அவன் அப்பாவுக்கு வைத்த பெயர், வீட்டோடும் நிலத்தோடும் சேர்ந்து மகனுக்கு வந்துவிட்டது. அவன் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரம் ஒரு கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தான். எண்ணூறு பேர் உட்காரலாம். தரை முழுவதும் டைல்ஸ். நுழையும் கூடத்தில் மட்டும், தீவில் வேலிக்கு வேலி பூக்குமே நீல ஹைட்ரேஞ்சியா, அந்தப் பூக்கொத்து பெரிதாக ஒன்று வேண்டும் என்றான்.

ஒப்பந்தம் கோடு போட்ட ஒரு தாளில் முடிந்தது. வேலை என்ன, தொகை என்ன என்று தியோலிந்தா தன் கையாலேயே எழுதினாள். மேலே "பர்தால் அவர்களுக்கு" என்று போட்டாள். வேறு எப்படிப் போடுவது? பர்தாலும் கீழே "பர்தால்" என்று கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் ஒரு சின்னக் குருவியும் வரைந்தான். அவனுக்கு அது வழக்கம். எல்லோரும் சிரித்தார்கள்.

நான்கு மாதம் வேலை. ஹைட்ரேஞ்சியாவின் ஒவ்வொரு இதழையும் தியோலிந்தாவே வெட்டினாள். மூன்று விதமான நீலம் போதாது என்று நான்காவதைத் தன் காசில் வாங்கிவந்தாள். முடிந்த அன்று சுல்மீரா ஒரு டாலர் நாணயத்தை விளிம்பில் நிறுத்தி உருட்டிவிட்டாள். அது கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எங்கும் தட்டாமல், துள்ளாமல், சத்தமே இல்லாமல் ஓடிச் சுவரில் மோதி விழுந்தது. மூன்று பெண்களும் கைதட்டினார்கள். தியோலிந்தா குனிந்து நாணயத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். தன் கையை நினைத்து அவளுக்கு அன்று உண்மையிலேயே கர்வமாக இருந்தது.

பணம்தான் வரவில்லை. முன்பணமாகக் கொடுத்தது கலவைக்கும் வண்டிக்குமே சரியாகப் போயிற்று. மீதி முப்பத்தெட்டாயிரம் டாலர். அதில் பாதிக்கு மேல் மற்ற மூன்று பெண்களின் கூலி. அடுத்த வாரம் என்றான், வங்கி என்றான், சமையலறை அடுப்பு வரட்டும் என்றான். நடுவில் ஒரு நாள், சாமான் இறக்கியபோது இரண்டு டைல்ஸ் உடைந்துவிட்டன என்று கூப்பிட்டனுப்பி அதையும் ஓசியில் மாற்றவைத்தான். கடைசியில் ரொட்டிக் கடையில் நான்கு பேர் இருக்கும்போது தியோலிந்தா நேரிலேயே கேட்டுவிட்டாள்.

"முப்பத்தெட்டாயிரமா? பெருக்குற கைக்கு இவ்ளோ கூலின்னா, டாக்டருக்கு நான் என்ன குடுக்குறது?" என்றான் பர்தால். கடையே சிரித்தது. உரக்கச் சிரித்தவன் குவால்த்தெர். மண்டபத்தில் குழாய் வேலை பார்த்தவன். தியோலிந்தாவின் தரையின் மேல்தான் கழிப்பறைத் தொட்டிகளைப் பொருத்தினான். அவனுக்கும் பணம் வரவில்லை. இருந்தும் சிரித்தான். மண்டபத்தில் கரண்டு வேலை பார்த்து, அதேபோல் பணம் வராமல் நின்ற இன்னொருவனும் அவனோடு சேர்ந்து சிரித்தான்.

அன்று மதியமே அவள் வக்கீல் ரக்கேல் தேவெஸின் அலுவலகப் படியேறினாள். ரக்கேல் இங்கேயே பிறந்தவள், போர்த்துக்கீசியம் பேசினால் மூக்கால் பேசுவாள், ஆனால் கெட்டிக்காரி.

"மண்டபத்து மேல லீன் போடலாம். உங்க வேலையும் அந்தக் கட்டடத்துல சேந்துபோச்சு இல்லியா? பணம் வர்ற வரைக்கும் அந்த இடத்துல உங்களுக்கும் ஒரு பிடி உண்டுன்னு நிலப் பதிவுல ஏத்திடுவோம்" என்றாள்.

லீன் என்பது சட்டக்காரர்களின் சொல். பத்திரத்தில் ஏறிவிட்டால் விற்க முடியாது, அடகு வைக்க முடியாது என்று ஆக்கும் சங்கதிக்கு தமிழில் சரியான சொல் ஏற்கெனவே இருக்கிறது. வில்லங்கம். அந்தச் சொல்லின் இரண்டு அர்த்தமும் இங்கே பொருந்தும்.

"வேலை முடிஞ்சு எத்தனை நாள் ஆச்சு?" என்று ரக்கேல் கேட்டாள்.

"முப்பத்தோரு நாள். ரெண்டு டைல்ஸ மாத்திக் குடுத்தேனே, அன்னைலேருந்து எண்ணிப் பாத்துட்டேன்."

"அது கணக்குல சேராதும்மா. ஒடஞ்சத மாத்துறது வேலையில்ல, பழுது பாக்குறது. தரை எப்ப முடிஞ்சுது?"

நாட்காட்டியைப் புரட்டினார்கள். நாணயம் உருண்ட நாளிலிருந்து ஐம்பத்தாறு. லீன் போடச் சட்டம் கொடுப்பது அறுபது.

"நாலே நாளு" என்றாள் ரக்கேல். "அவன் ஏன் உங்கள ஓசியில கூப்பிட்டான்னு இப்பப் புரியுதா? நீங்க நாளத் தப்பா எண்ணணும்னுதான். சரி, அவன் பேரு என்ன?"

"பர்தால்."

"முழுப் பேரு?"

"பர்தாலோட மகன் பர்தால்."

ரக்கேல் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கணினியில் நிலப் பதிவைத் தேடினால், மண்டபம் ஒரு நிறுவனத்தின் சொத்து. அந்த நிறுவனத்துக்குப் பெயர்கூட இல்லை, வெறும் எண். எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரே ஒரு இயக்குநர், எர்மெனெஜில்டோ பொத்தேல்யோ.

"யாரு இது?" என்றாள் ரக்கேல்.

"எனக்கென்ன தெரியும்? இந்தப் பேருல நம்ம ஊர்ல ஒரு கழுதைகூடக் கெடையாது."

"பதிவுக்கு நிறுவனத்தோட எண் போதும். போட்டுடலாம். ஆனா நாளைக்கே அவன், 'பர்தாலா? அது யாரு? என் நிறுவனம் இந்தம்மாவ வேலைக்கே வைக்கல'ன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"சொல்ல மாட்டான். எங்க ஆளு."

ரக்கேல் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். உரிமை கோருபவர் என்ற இடத்தில் மரியா தியோலிந்தா தெ மெதைரோஸ் என்று எழுத்து எழுத்தாக விழுந்ததை தியோலிந்தா பார்த்துக்கொண்டிருந்தாள். செய்த வேலை என்ற இடத்தில், "மண்டபத் தரை முழுவதும் டைல்ஸ் பதித்தது, முகப்புக் கூடத்தில் பூ வேலைப்பாடு." கல்யாணப் பதிவேட்டுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் அப்புறம் அவள் முழுப்பெயர் அச்சில் ஏறியது இதுதான். அதுவும் அவள் செய்த வேலையோடு சேர்ந்து. சாயங்காலம் நான்கு மணிக்குள் வில்லங்கம் ஏறிவிட்டது.

சேதி பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது இரண்டு பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குவால்த்தெர் கோயில் படியிலேயே வழிமறித்தான்.

"என்ன வசோரா, நம்ம ஆளு மேலயே கேஸா? இங்கிலீஷ்காரன் மேல போட்டாலும் ஒரு அர்த்தம் இருக்கு. அடுத்து யாரு, பாதிரியாரா?"

"பாதிரியார் தரை போடச் சொல்லிட்டுக் காசு குடுக்கலன்னா அவர் மேலயும்தான்."

"பொம்பளைக்கு இவ்ளோ வீம்பு ஆகாது. நாங்கல்லாம் பொறுத்துட்டு இல்ல?"

"பொறு. தொட்டி கழுவுறப்ப ஒன்ன நெனச்சுக்குறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வேனில் ஏறியதும் சுல்மீரா மெல்ல ஆரம்பித்தாள். "கொமாத்ரே, என் பங்கு வராட்டியும் பரவால்ல. இனிமே நமக்கு யாரு வேலை குடுப்பா?"

"கொமாத்ரே, வாய மூடிட்டு சீட் பெல்ட்டப் போடு" என்றாள் தியோலிந்தா. ஆனால் அன்று இரவு அவள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தாள். முப்பத்தெட்டாயிரம் வராமல் போனால் வேனை விற்றுத்தான் பெண்களுக்குக் கூலி தர முடியும். வேன் போனால் மறுபடியும் துடைப்பம்தான்.

பத்தாம் நாள் பர்தாலின் வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. ரக்கேல் போனில் படித்துக் காட்டினாள். தம் கட்சிக்காரரின் நிறுவனம் இந்தப் பெண்ணோடு எந்த ஒப்பந்தமும் செய்யவில்லை. ஒப்பந்தத் தாளில் இருப்பது பர்தால் என்ற பெயர். அப்படி ஒருவர் நிறுவனத்தில் இல்லை. தாளில் ஒரு பறவையின் படமும் இருக்கிறது, அதன் பொருள் தமக்கு விளங்கவில்லை. வில்லங்கத்தை உடனே நீக்க வேண்டும்.

தியோலிந்தாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பணம் தரவில்லை என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். அப்பன் பெயரையே தன் பெயரில்லை என்று சொல்பவனை என்ன செய்வது? செத்துப்போன கிழவர் பர்தால் எவ்வளவு நல்ல மனிதர். அவர் சாவுக்கு ஊரே திரண்டதே, என்று நினைத்தவள் அப்படியே நின்றாள்.

எங்கள் ஊரில் சாவு அறிவிப்பை ரொட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டுவார்கள். அதில் இறந்தவரின் ஞானஸ்நானப் பெயருக்குக் கீழே பட்டப்பெயரையும் கட்டாயம் போட வேண்டும். போடாவிட்டால் செத்தது யார் என்று ஒருவருக்கும் தெரியாது, சவ அடக்கத்துக்கு ஈ காக்கை வராது. அடக்கம் முடிந்ததும் தியோலிந்தா அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வந்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துவிடுவாள். இறந்தவர்களுக்காக நவம்பர் மாதம் வேண்டிக்கொள்ளும்போது சரியான பெயரைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கடவுளுக்குக் குழப்பம் என்பது அவள் கட்சி. ஜெபப் புத்தகத்தை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் உதறினாள். இருபது வருஷத்துச் சாவுகள் விழுந்தன. அவற்றில் ஒன்றில் இப்படி இருந்தது: "மனுவேல் பொத்தேல்யோ, பர்தால் என்று எல்லோராலும் அறியப்பட்டவர். அவர் பிரிவால் வாடும் ஒரே மகன், இளைய பர்தால் எர்மெனெஜில்டோ."

அவனே கொடுத்த அறிவிப்பு. அவனே பிழை திருத்தி அச்சடித்தது. துக்கத்திலும் குருவிப் படத்தை விடவில்லை, ஓரத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தது. ஒப்பந்தத் தாளில் இருந்த அதே குருவி.

மறுநாள் ரக்கேல் அதைப் பார்த்துவிட்டு ஐந்து நிமிஷம் சிரித்தாள். "நீதிபதி என்ன சொல்வாரோ தெரியாது. ஆனா அவன் வக்கீலுக்கு இது போதும்" என்று சொல்லி நகலெடுத்து அனுப்பினாள். அங்கிருந்து பதில் வரவில்லை. இதற்கிடையில் பதிவில் வில்லங்கம் ஏறியிருப்பதைப் பார்த்த வங்கி, மண்டபத்துக்கான கடைசித் தவணையைக் கொடுக்க மாட்டேன் என்று நிறுத்திவிட்டது. நாற்காலி வாங்கப் பணமில்லை. முதல் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பர்தாலே தியோலிந்தாவின் வீட்டுக்கு வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். வசோரா என்று சொல்லவில்லை, மரியாதையாக தோனா போட்டுக் கூப்பிட்டான்.

"தோனா தியோலிந்தா, நமக்குள்ள எதுக்கு வக்கீலு கிக்கீலு? முழுப் பணத்தையும் நாளைக்கே குடுத்துடுறேன். அதுக்கு மேல ரெண்டாயிரமும் தரேன்."

"ரெண்டாயிரம் எதுக்கு?"

அவன் தொப்பியைச் சுழற்றினான். "குவால்த்தெருக்கும் அந்தக் கரண்டுக்காரனுக்கும் அறுபது நாளு வெள்ளிக்கிழமையோட முடியுது. அவனுங்க பில்லுலயும் பர்தால்னுதான் இருக்கு. நீங்க என் பேரு, நிறுவனத்து நம்பரு, எதையும் அவனுங்க காதுல போடாம இருந்தாப் போதும். அவனுங்க உங்களக் கேலி பண்ணவனுங்கதானே?"

அது உண்மை. கோயில் படியில் நின்று பேசிய குவால்த்தெரின் முகம் அவள் கண்முன் வந்தது. அவன் பணம் போய்த் தலையில் கை வைத்து உட்கார்வதைப் பார்க்க ஆசை இல்லாமலும் இல்லை. அவள் தேவதை ஒன்றும் அல்ல. ஆனால் முப்பத்தெட்டு வருஷமாகத் தரையில் முட்டி தேய்த்தவளுக்கு ஒன்று நன்றாகத் தெரியும், குவால்த்தெர் பொருத்திய தொட்டிகளில் ஒன்றுகூட ஆடவில்லை, ஒழுகவில்லை. வேலை வேலைதான், அதைச் செய்தவன் மடையனாக இருந்தாலும்.

"நான் தரைக்குத்தான் வெல சொன்னேன், எர்மெனெஜில்டோ. என் வாய்க்கு வெல சொல்லல" என்றாள்.

அந்தப் பெயரைக் கேட்டதும் அவன் காது சிவந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் யாரும் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"பணத்த ரக்கேல் கையில குடுங்க. முப்பத்தெட்டாயிரம், வக்கீல் செலவு. ஒரு காசு கூடவும் வேணாம், கொறையவும் வேணாம். வங்கியில விழுந்ததும் வில்லங்கத்த எடுத்துடுவேன். காபி சாப்பிடுறீங்களா?"

அவன் காபி சாப்பிடவில்லை. ஆனால் மறுநாள் பணம் வந்தது. வில்லங்கத்தை நீக்கும் தாளில் தியோலிந்தா தன் முழுப்பெயரையும் நிதானமாக எழுதினாள். ரக்கேலின் மேசையிலேயே மூன்று காசோலைகளும் எழுதினாள். சுல்மீரா தன்னுடையதை வாங்கிப் பார்த்துவிட்டு, "கொமாத்ரே" என்று மட்டும் சொன்னாள், அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது. தியோலிந்தா அவளை ரெண்டு திட்டுத் திட்டிவிட்டு வேன் சாவியை எடுத்தாள். வழி முழுவதும் அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. நான் போட்ட தரை, நான் வாங்கிய கூலி என்று தனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் வாசல் மணி அடித்தது. குவால்த்தெர், அவன் பின்னால் கரண்டுக்காரன். இருவர் கையிலும் பில் கட்டு. குவால்த்தெர் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தியோலிந்தா... உனக்குக் காசு வந்துடுச்சாமே."

"வந்துடுச்சு."

"எங்கள எந்தப் பர்தால்னு கேக்குறான் அவன் வக்கீலு. நாளைக்கோட நாள் முடியுது."

"பொறுத்துட்டு இருக்குற ஆளாச்சே நீ?"

ஐம்பது வயது ஆள் அப்படித் தலை குனிந்து நிற்பதைப் பார்த்தபோது, அவள் பல நாளாக எண்ணிச் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் வாய்வரை வந்து நின்றது. அதில் நாலைந்தை அவனுக்குத் தராமல் விடவில்லை. தந்து முடித்த பிறகு கதவை அகலத் திறந்தாள். காபி வைத்து, இனிப்பு ரொட்டியை வெட்டி வைத்தாள். ரக்கேலுக்குப் போன் போட்டு, ரெண்டு பேரை இப்பவே அனுப்புகிறேன், கதவைச் சாத்திவிடாதே என்றாள். பிறகு மண்டபத்தின் பதிவு நகலையும் சாவு அறிவிப்பையும் மேசையில் விரித்து, அவன் கையில் ஒரு பேனாவைத் திணித்தாள்.

"மேல நிறுவனத்து நம்பர எழுது. கீழ பேரு. மொதல்ல எச் போடு."

"எர்மெனெஜில்டோவுக்கு ஏது எச்சு?"

"வாய்ல வராது, எழுத்துல வரும். போடு. பர்தால்னு மட்டும் எழுதித் தொலைச்சிடாத, குருவி பறந்துடும்."

குவால்த்தெர் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக எழுதினான். தியோலிந்தா அவன் தோளுக்குப் பின்னால் நின்று, கோணலாகப் போன இடத்திலெல்லாம் அடித்துத் திரும்ப எழுதச் சொன்னாள்.